செட்டு பர்கரில் முடித்தவர்கள்

செங்காளிபாளையத்தில் முதன்முதலாகப் பசி நின்றுபோனது பி.டி. வாத்தியார் சென்னியப்பனுக்கு. ஆடிப்பெருக்கு கழிந்த வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்கு, பைபாஸ் ரோட்டோரம் பழைய தறிக்குடோனில் நடக்கும் செட்டு பர்கர் கடையின் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, ஒரு சிக்கன் பர்கரைத் துணுக்கு விடாமல் தின்று முடித்து, விரலில் ஒட்டிய மயோனைஸையும் நக்கிவிட்டு, கை கழுவி, "நல்லாயிருக்குதுங்" என்று கல்லாவில் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். அதன்பிறகு அவருக்குப் பசிக்கவே இல்லை.

முதல் நாள் செரிமானக் கோளாறு என்று அவர் மனைவி சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் டாக்டரிடம் போனார்கள். பத்தாம் நாளும் எடை குறையவில்லை, சர்க்கரை ஏறவில்லை, இறங்கவில்லை. எல்லாம் நார்மல் என்று சொன்ன டாக்டர், எதற்கும் இருக்கட்டும் என்று பசியெடுக்க ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அதற்குள் இன்னும் பதினோரு பேருக்குப் பசி நின்றிருந்தது. பதினோரு பேரும் அதே கடையில் உட்கார்ந்து தின்றவர்கள்.

அன்று கல்லாவில் இருந்தவள் சிவரஞ்சனி. தறி ஓட்டும் மயில்சாமிக்கும் நூல் சுற்றும் ரங்கம்மாளுக்கும் ஒரே மகள், பி.காம். முடித்தவள், அந்த வீட்டிலிருந்து காலேஜ் படியேறிய முதல் ஆள். வங்கிப் பரீட்சை ஒன்றில் தேறும்வரை என்று சொல்லிக்கொண்டு பில் போட வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எதையும் இரண்டு தடவை பார்க்காமல் செய்யமாட்டாள். நிச்சயமாகத் தெரிந்ததைத் தவிர வேறெதையும் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாள். தெரியாததைச் சொல்லி அது தப்பாகிவிட்டால், படித்த பிள்ளை இப்படிச் சொல்லிப்போட்டாளே என்று நாலு பேர் பேசுவார்கள் என்ற பயம் அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு.

ஊர் ஆச்சரியப்படவில்லை. தறிச்சத்தத்தில் பிறந்து தறிச்சத்தத்திலேயே தூங்கும் ஊர் அது. புதிதாக ஒன்று வந்தால் அதை எந்த ஷிப்டில் சேர்ப்பது என்றுதான் முதலில் யோசிக்கும். பசி நின்றவர்களுக்கு 'முடிச்சவங்க' என்று பேர் வந்தது. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர்கள், "உங்க வூட்டுல எத்தனை பேருங் முடிச்சிருக்கறீங்க?" என்று கேட்டுப் பந்திக்கு இலை சொன்னார்கள். பசிக்காதவன் பட்டினி கிடப்பதில் ஆத்தாளுக்கு என்ன பெருமை என்று மாரியம்மன் கோயில் பூசாரி முடித்தவர்களை விரதத்திலிருந்து தள்ளி வைத்தார். பிறகு பூசாரியின் மச்சினனே போய் முடித்துவிட்டு வந்ததால், அவர்களுக்கென்று தண்ணீர்கூடத் தொடாத தனி விரதம் ஒன்று ஏற்பட்டது. ஆக்கிப்போடும் வேலையில்லாத மாப்பிள்ளை என்று தரகர்கள் புது வரனுக்குப் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். அடுத்த ஊர்களிலிருந்து பஸ் பிடித்து ஆட்கள் வந்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் வந்தார்கள், உடம்பு இளைக்க வேண்டியவர்கள் வந்தார்கள், வாழ்நாள் முழுக்க அரைவயிறாக இருந்தவர்கள், இனி வயிறு என்ற ஒன்றே வேண்டாம் என்று கும்பிட்டபடி வந்தார்கள்.

கடைக்காரர் லோகநாதன் குவைத்தில் ஓட்டல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அப்பாவின் தறிகளை விற்றுவிட்டு அந்தக் குடோனில் நாற்காலி போட்டவர். அவர் எண்ணெயை மாற்றிப் பார்த்தார், பன் வாங்கும் பேக்கரியை மாற்றிப் பார்த்தார், சமையல்காரரை அனுப்பிவிட்டுத் தானே அடுப்படியில் நின்று பார்த்தார், வாசலில் எலுமிச்சம்பழமும் கட்டிப் பார்த்தார். எதனாலும் எதுவும் மாறவில்லை. ஏன் என்று கேட்பதை ஆவணி மாதத்தோடு அவர் விட்டுவிட்டார். அவருடைய கவலை வேறு.

"ஒரு ஆளு ரெண்டாந்தடவை வர்றதில்ல ரஞ்சனி," என்பார். "சோத்துக்கடை வெச்சவன் எவனாவது இப்படிக் கேட்டிருப்பானா? வந்தவன் திரும்ப வரமாட்டான்ங்கறதுதான் நம்ம கடைக்கு வெளம்பரமே!"

சிரிப்பார். சிரித்துவிட்டுக் காலி நாற்காலிகளை ஒரு தடவை பார்ப்பார்.

போகப்போக அதன் முறை ஊருக்குப் பிடிபட்டது. பார்சல் வாங்கிப் போனவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடையில் உட்கார்ந்து தின்ன வேண்டும். முழுதும் முடிக்க வேண்டும். ஒரு பெண் குழந்தை கடைசித் துண்டைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பால் கேட்டு அழுததிலிருந்து இது தெரிந்தது. அதனால் ருசிக்காக மட்டும் வருகிற துணிச்சல்காரர்கள் ஒரு வாய் மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார்கள். மிச்சமான வாய்களெல்லாம் கடைக்குப் பின்னால் இருந்த நீல டிரம்மில் விழுந்தன. அவற்றைத் தின்ன அங்கே நான்கு தெருநாய்கள் உண்டு. ஒருநாள் பக்கத்துக் கறிக்கடைக்காரர் அவற்றின் முன்னால் ஒரு எலும்பைப் போட்டதையும், நாலும் அதைப் பார்த்ததையும், பிறகு எலும்பில்லாத வேறு பக்கத்தைப் பார்த்ததையும் சிவரஞ்சனி பின்கதவருகே நின்று கண்டாள். முடிக்கிறவனை அல்ல, அந்தக் கடைசி வாய் யார் வயிற்றில் இறங்குகிறதோ அவர்களைத்தான் அது பிடிக்கிறது போலும் என்று அவளுக்குத் தோன்றியது. அல்லது வெயிலாக இருக்கலாம். நாய்களுக்கு வேறு எங்காவது கிடைத்திருக்கலாம். நிச்சயமில்லாததால் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வேறொன்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். பசி மட்டும் போகவில்லை. வயிற்றிலிருந்து தொடங்கியது வயிற்றோடு நிற்கவில்லை. சென்னியப்பன் வாத்தியார் ரிட்டையர் ஆன பிறகும் விடியலில் மைதானத்துக்குப் போய் விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவிடுகிறவர். புரட்டாசி பிறந்தபோது அவர் மைதானத்து ஓரத்தில் விசிலைக் கையில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டார். "ஓடலாமா சார்?" என்று கேட்டால் "ஓடலாம்" என்றார். "வேண்டாமா சார்?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றார். அவர் மனைவி ஒருநாள் கல்லாவுக்கு வந்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சிவரஞ்சனியிடம் சொன்னாள்.

"எங்கண்ணன் செத்துப்போச்சுன்னு போன் வந்துது அம்மணி. அழுதுட்டே சொன்னேன். 'அப்படியா, எத்தனை மணிக்கு எடுக்கறாங்க'ன்னு கேட்டாரு. பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு கேக்கற மாதிரி."

சாயங்காலங்களில் முடித்தவர்கள் தங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பந்தியிலிருந்து எழுந்து கை கழுவ இடம் தேடுகிறவர்களைப் போல வலது கையை உடம்பிலிருந்து சற்றே தள்ளி வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்து நின்றார்கள். குழந்தையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார்கள். இறக்கிவிடச் சொன்னால் இறக்கிவிட்டார்கள். யாரும் எதுவும் சொல்லாவிட்டால், குழந்தை அழுது தானாக ஓயும்வரை அப்படியே வைத்திருந்தார்கள். சண்டை குறைந்துவிட்டது, ஊர் அமைதியாகிவிட்டது என்று பஞ்சாயத்து ஆபீசில் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள்.

ஐப்பசியில் தறி முதலாளிகள் சோற்று மணியை எடுத்துவிட்டார்கள். முடித்தவர்கள் சோற்றுக்கு எழுந்திருப்பதில்லை, டீக்கு எழுந்திருப்பதில்லை, நிறுத்தச் சொல்லும்வரை நிற்பதில்லை. கார்த்திகை ஒன்று முதல் முடித்தவர்களுக்கு மட்டும்தான் தறி என்று மயில்சாமியின் முதலாளி சொல்லிவிட்டார். ஆளைக் கூட்டிப்போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்து, முடிக்கிறானா என்று பார்த்துவிட்டு வரும் வேலையை மேஸ்திரி பெரியதம்பியிடம் ஒப்படைத்தார். பெரியதம்பி ஏற்கெனவே முடித்தவர்.

மயில்சாமியின் பசி அந்த வீதிக்கே தெரிந்த பசி. ஷிப்ட் விட்டு வரும்போது சந்துமுனையிலேயே, "ரங்கூ, சோறு!" என்று குரல் கொடுப்பார்; இரண்டு வீட்டுப் பெண்கள் தங்கள் அடுப்பையும் அந்தக் குரலை வைத்துத்தான் பற்றவைத்தார்கள். பசித்தால் கோபம் வரும், பாட்டு வரும், ரங்கம்மாளைப் பாராட்டத் தோன்றும், மகளிடம் அன்றைக்குப் பாங்கு பரீட்சையில் என்ன படித்தாள் என்று ஒன்றும் புரியாமல் கேட்கத் தோன்றும். பசியை அவர் எதிரி என்று நினைத்ததில்லை. கூடப் பிறந்தவனைப் போலத் திட்டிக்கொண்டே கூடவே வைத்திருந்தார்.

ஐப்பசிக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் சொன்னார்: "நாளைக்கு மத்தியானம் உங்க கடைக்கு வர்றேன் கண்ணு. மேஸ்திரி கூட்டியாறாரு."

"வராதீங்கப்பா."

"வராம? இருவத்தெட்டு வருசமா ஒரே தறி. இனி எந்த வேலைக்குக் கண்ணு என்னைய எடுப்பாங்க?"

"வேற ஷெட்டுல கேக்கலாம்."

"எல்லா ஷெட்டுலயும் இதே பேச்சுத்தான்."

ரங்கம்மாள் நூல்கண்டைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "போனாப் போயிட்டுப் போவுது. இந்த மனுசனுக்கு ஆக்கி ஆக்கி எங்கையே தேஞ்சுபோச்சு." சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"அம்மா, பி.டி. வாத்தியாரு வாசல்ல நிக்கறதைப் பாத்தீங்கல்ல?" என்றாள் சிவரஞ்சனி. "அப்பா, உங்களுக்கு என்னையத் தெரியும், அம்மாவைத் தெரியும், எதுவும் மறக்காது. ஆனா நாங்க வூட்டுல இருக்கறமா இல்லையான்னு பாக்கோணும்னு உங்களுக்குத் தோணாது. நூத்தியெம்பது பேரை நான் பாத்துட்டேன். இது எனக்கு நல்லாத் தெரியும்ப்பா."

மயில்சாமி காதில் செருகியிருந்த பீடியை எடுத்து, பற்றவைக்காமல் விரலில் உருட்டினார். "ஒரு வாய் மிச்சம் வெச்சுட்டாப் போச்சு," என்றார் பிறகு.

"மேஸ்திரி பக்கத்துலயே இருப்பாரு."

"அவன் பக்கத்துல இருக்கறப்பவே நான் எத்தனை பீடி குடிச்சிருக்கறேன், அவனுக்குத் தெரியுமா? ஏதாச்சும் பண்ணிக்கலாம். நீ பயப்படாத. நீ பயந்தீன்னா எனக்கு இன்னும் பசிக்குது."

நாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அது நிச்சயமில்லாத விஷயம். நாளைக்குள் இன்னொரு தடவை டிரம் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று விட்டுவிட்டாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடையில் காலையிலிருந்தே கூட்டம், அவளால் பின்கதவுப் பக்கம் போக முடியவில்லை.

அவர்கள் ஒன்றேகாலுக்கு வந்தார்கள். மயில்சாமி ஒறம்பரையான சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதுபோலச் சலவை வேட்டி கட்டியிருந்தார். ரங்கம்மாள் தலையில் பூ வைத்திருந்தாள். பின்னால், வலது கையைச் சற்றே தள்ளி வைத்தபடி, மேஸ்திரி பெரியதம்பி. சிவரஞ்சனி கல்லாவை விட்டு இறங்கி, சமையலறைக்குள் பார்த்து, "ஒரு சிக்கன் பர்கர், பார்சல்" என்று வேகமாகச் சொன்னாள்.

"பார்சல் வேண்டாம் அம்மணி," என்றார் பெரியதம்பி. குரலில் கோபமில்லை, கண்டிப்புமில்லை. "உக்காந்து தின்னோணும்."

ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தார்கள். லோகநாதனே தட்டைக் கொண்டுவந்து வைத்தார். மயில்சாமி மேல்பன்னைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

"வடையத்தான பன்னுக்குள்ள வெச்சு மூடியிருக்கறீங்க. இதுக்கா இத்தனை கூட்டம்?" என்றார். "ஏனுங்க, கொழம்பு ஏதாச்சும் ஊத்துவீங்களா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரங்கம்மாள்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். மயில்சாமி தின்ன ஆரம்பித்தார், அவரால் மெதுவாகத் தின்னவே முடியாது, இரண்டு கன்னமும் உப்ப, நெற்றியில் வியர்வை பூக்க, நடுநடுவே "பரவால்லியே" என்று தலையாட்டிக்கொண்டு, வேட்டியில் சாஸ் சொட்டியதை ரங்கம்மாள் துடைக்கத் துடைக்க அதைக் கவனிக்காமல், பக்கத்து மேசைக் குழந்தையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திக்கொண்டு அவர் தின்றார். அந்தக் கடையில் நாலு மாதமாக யாரும் அப்படித் தின்று சிவரஞ்சனி பார்த்ததில்லை. அவள் மேசையின் விளிம்பைப் பிடித்தபடி நின்று, ஒவ்வொரு வாய்க்கும் உள்ளுக்குள் ஒன்று அறுபடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு வாய் மிஞ்சியது.

மயில்சாமி எந்தத் தட்டிலும் கடைசி வாயைத் தான் தின்றதில்லை. அது மகளுக்கு. பால்பல் முளைத்த நாளிலிருந்து, அவள் பாடம் படித்துக்கொண்டிருந்தாலும், தலை பின்னிக்கொண்டிருந்தாலும், கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாலும், தட்டில் கடைசியாக இருப்பதை உருட்டி எடுத்துக்கொண்டு அவளிடம் வருவார்; அவள் ஏறிட்டுப் பார்க்காமலே வாயைத் திறப்பாள். இப்போது அவர் பன்னின் ஓரமும் துளிக் கறியும் ஒரு வெங்காய வளையமுமாக அந்தக் கடைசித் துண்டை விரல்களால் கூட்டி எடுத்தார். அவளைப் பார்த்து ஒரு கண்ணை லேசாகச் சுருக்கினார். நேற்று ராத்திரியே இதை யோசித்து வைத்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இந்தா கண்ணு."

"மயிலு," என்றார் பெரியதம்பி, "நீதான் முடிக்கோணும்."

"தட்டு காலியானாச் சரிதானுங்க? எங்க வூட்டுப் பழக்கம் இது. இருவத்திரண்டு வருசமா நாங் கடைசி வாய் தின்னதில்லீங். இன்னிக்குன்னு தின்னா வெளங்குமா?"

பெரியதம்பி யோசித்தார். வாதாட அவருக்கு விருப்பம் இருக்கவில்லை. எதிலுமே அவருக்கு விருப்பம் இருக்கவில்லை. "தட்டு காலியானாச் சரி," என்றார். "அம்மணி தின்னட்டும். இல்லீன்னா நீ தின்னு."

அவர் கண்கள் அந்தத் துண்டின் மேலேயே இருந்தன. நாலு நாய்களும் எலும்பைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது சிவரஞ்சனிக்கு அப்போது முழுதாக நினைவுக்கு வந்தது, வெயில்கூட அன்று இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் முடிவதற்குள் அப்பாவின் கை அவர் வாய்க்குத் திரும்பிவிடும். ரங்கம்மாள் ஒன்றும் தெரியாமல், தப்பித்தோம் என்று மகளைப் பார்த்துச் சிரித்தாள். சிவரஞ்சனி பார்த்தபோது, தன் வாய் ஏற்கெனவே திறந்திருப்பதைக் கண்டாள். அதை மூடாமல் இருப்பது மட்டும்தான் அவள் செய்ய வேண்டியிருந்தது.

நன்றாகத்தான் இருந்தது. உப்பு ஒரு துளி தூக்கல். விழுங்கினாள்.

"முடிஞ்சுது," என்றார் பெரியதம்பி, எழுந்தார்.

அவள் நாலு மணிக்கு வீட்டுக்கு நடந்தாள். வழியில் பெரிய லாரி ஒன்று அவளை உரசுவதுபோலப் போனது. ஓரமாக ஒதுங்கினாள். நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. நாளை பாங்கு பரீட்சைக்கு அப்ளிகேஷன் போடக் கடைசி நாள் என்பது நினைவிருந்தது. அது நாளையின் விஷயமாக, தூரத்தில், யாருடையதோபோல இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் கூடவே வந்த பயத்தை அவள் தேடிப் பார்த்தாள். அது இருந்த இடம் தெரிந்தது. இடம் சுத்தமாக இருந்தது.

பொழுது சாய்ந்தபோது மயில்சாமி முதலாளி வீட்டுக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார். சந்துமுனையில் அவர் குரல் கேட்டது. "ரங்கூ! சோறு! பசி உயிர் போவுது!" உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு குதித்தார். "போகலடி! பசிக்குது! குடலைப் புடுங்குது! ஏமாத்திப்போட்டம் கண்ணு, ஊரையே ஏமாத்திப்போட்டம். இனி தறியில உக்காந்துட்டு நாள் முழுக்கப் பசிக்காத மாதிரி நடிக்கோணும், அவ்வளவுதான். உங்கப்பன் நடிக்கமாட்டானா?"

ரங்கம்மாள் அரிசியும் பருப்பும் சேர்த்துச் சோறு ஆக்கியிருந்தாள். மூன்று தட்டிலும் போட்டு, நெய் ஊற்றினாள். மயில்சாமி இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார், மூன்றாம் தடவையும் போடச் சொன்னார். தறியில் பசியை எப்படி மறைக்கப் போகிறார் என்று முகத்தை நீட்டிக் காட்டினார். ரங்கம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அதைத் துடைத்துக்கொண்டே திரும்பி, மகளின் தட்டைப் பார்த்தாள். சோறு போட்டபடியே இருந்தது. மேலே நெய் உறைய ஆரம்பித்திருந்தது.

"தின்னாம என்னடி பாத்துட்டு இருக்கற?"

"பசிக்கலம்மா."

மயில்சாமியின் கை வாய்க்குப் பாதி தூரத்தில் நின்றது.

"மத்தியானம் ஏதாச்சும் நெறையத் தின்னுட்டயா கண்ணு?" என்றார். குரல் இன்னும் விளையாட்டாகத்தான் இருந்தது, அதை அப்படியே வைத்திருக்க அவர் பாடுபட்டார். "டீ, பன்னு, ஏதாச்சும்?"

"இல்லீங்கப்பா. நீங்க குடுத்த அந்த ஒரு வாய்தான்."

மயில்சாமியின் வயிறு சத்தமிட்டது. மூன்று பேருக்கும் அது கேட்டது. ரங்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மயில்சாமி கையிலிருந்த சோற்றை வாய்க்கும் கொண்டுபோகவில்லை, தட்டிலும் போடவில்லை. அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார், வயிறு மறுபடியும் சத்தமிட்டது, விரலிடுக்கிலிருந்து நெய் இறங்கி மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரைக்கும் வழிந்தது. சிவரஞ்சனி அது வழிவதைப் பார்த்தாள். போதும் என்று யாரும் சொல்லாததால், பார்த்துக்கொண்டே இருந்தாள்.